செம்பனையில் சாயாதே

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங்கிலிருந்து தெற்கே கூலாய்க்குப் போகும் சாலையில் ரெங்கம் தாண்டியதும் அம்மா கார்க் கண்ணாடியை இறக்கச் சொன்னார். முந்தின இரவு நல்ல மழை. இருபுறமும் செம்பனை மரங்கள் மட்டைகளில் நீர் சொட்ட நின்றன. ஈர மண்ணும் அழுகும் மட்டையும் சேர்ந்த அந்த வாசனையை மூக்கு நிறைய இழுத்துவிட்டு, "இதான்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

தான் வேலை செய்த தோட்டம் இருக்கும் லாயாங் லாயாங்கை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவர் கேட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியாக வேண்டும் என்று மருத்துவர் சொன்ன வாரத்தில்தான் முதலில் கேட்டார். நெஞ்சைத் திறந்து மாற்றுவதா, தொடை இரத்தக்குழாய் வழியாகக் கொண்டுபோய்ப் பொருத்துவதா என்பதில் எனக்கு முடிவு கிட்டவில்லை. மூன்று மருத்துவர்களைப் பார்த்தேன். ஒவ்வொருவரும் சொன்னதை அட்டவணை போட்டேன். எழுபத்தொரு வயது, சர்க்கரை, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். நான் கணக்காய்வாளன். கட்டங்கள் நிரம்பினால் விடை கீழே வந்து நிற்கும் என்பது இருபது வருடப் பழக்கம். இந்த அட்டவணையில் விடை வரவில்லை. இரவு ஒரு மணிக்கு எழுந்து ஒரு எண்ணை மாற்றிப் பார்ப்பேன். மறுபடி படுப்பேன்.

அம்மா ஒன்றைத்தான் சொன்னார். "ஆண்டவரு பாத்துக்குவாருப்பா."

அந்த வார்த்தை எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். நானும் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறவன்தான். அவருடைய வேதாகமத்தில் நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரம் இருக்கும் பக்கம் கைபட்டுக் கறுத்திருக்கும். அங்கே 'சுயபுத்தி' என்ற சொல்லுக்கு அடியில் அவர் இளவயதில் போட்ட பென்சில் கோடு இன்னும் இருக்கிறது. சின்ன வயதில் அதைப் பார்த்து, கடவுள் ஏன் நம்மை யோசிக்க வேண்டாம் என்கிறார் என்று கேட்டிருக்கிறேன். அவர் அன்று என்ன பதில் சொன்னார் என்பது நினைவில்லை. இந்தப் பயணத்தில் அதைத்தான் மறுபடி கேட்டேன் என்று நினைக்கிறேன், வேறு வேறு வார்த்தைகளில்.

லாயாங் லாயாங் சிறிய பட்டணம். இரண்டு மூன்று வரிசைக் கடைவீடுகள், ஒரு ரயில் நிலையம், அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் தோட்டங்கள். மலாயில் லாயாங் லாயாங் என்றால் காற்றில் விடும் பட்டம். தகைவிலான் குருவிக்கும் அதுவே பெயர். வடக்கே குளிர் தொடங்கும்போது சீனத்திலிருந்தும் சைபீரியப் பக்கத்திலிருந்தும் புறப்பட்டு, கடல் தாண்டி இந்தத் தீபகற்பத்துக்கு வந்து, பங்குனி சித்திரை வாக்கில் திரும்பிப் போகும் குருவி அது. எடை இருபது கிராம் சுமார். நாங்கள் போனது அக்டோபர். கடைவரிசைக்கு எதிரே மின்கம்பியில் பத்துப் பன்னிரண்டு உட்கார்ந்திருந்தன. சாயந்திரம் வந்தால் கம்பியே தெரியாது என்றார் காப்பிக்கடையில் இருந்த ஒரு பெரியவர்.

ரயில் பாதைதான் இந்த ஊருக்கு ஆதாரம். கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரைக்கும் ஜொகூர் அரசு ரயில் பாதை 1909-இல் முடிந்தது. காட்டுக்குள் முதலில் பாதை வந்தது, பாதையை ஒட்டி ரப்பர்த் தோட்டங்கள் வந்தன, தோட்டங்களுக்கு நம் ஆட்கள் வந்தார்கள். இப்போது அதே தடத்தில் மின்சார ரயிலுக்கு இரட்டைத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். புது நிலையம் பளபளவென்று உயரத்தில் நிற்கிறது. அம்மா அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு தண்டவாளம் போகும் திசையைக் காட்டி, "அந்தப் பக்கந்தான் பாலம்" என்றார்.

எந்தப் பாலம் என்று எனக்குத் தெரியும். வருவதற்கு முன்பு படித்திருந்தேன்.

1942 ஜனவரிக் கடைசி. ஜப்பானியர் விரட்ட, பிரிட்டிஷ் படையின் ஒன்பதாவது இந்திய டிவிஷன் இந்த ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு தெற்கே பின்வாங்கியது. லாயாங் லாயாங்குக்குத் தெற்கே அப்போது பாதையை ஒட்டிச் சாலை இல்லை. அதனால் பீரங்கிகளையும் வண்டிகளையும் சுற்றுவழியில் முன்பே அனுப்பிவிட்டார்கள். வீரர்கள் நடந்து வந்தார்கள். பின்காவலாக வந்தது 22-ஆவது பிரிகேட். சீக்கியர்களும் கர்வாலியர்களும் நிறைந்த படை அது. அவர்கள் வந்து சேருமுன்பே, லாயாங் லாயாங் அருகே ரயில் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டுவிட்டது. பாலத்தோடு தந்திக்கம்பியும் அறுந்தது. முன்னால் இருந்தவர்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் எங்கே என்று தெரியவில்லை. பின்னால் இருந்தவர்களுக்கு முன்னால் பாலம் இல்லை என்று தெரியவில்லை. ஜனவரி 28 அன்று டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் பார்ஸ்டோ, அந்த பிரிகேடைத் தேடித் தானே புறப்பட்டார். உடைந்த பாலத்தைக் கடந்து தண்டவாள மேட்டின் மீது நடந்தபோது ஜப்பானியர் சுட்டதில் இறந்தார். கூடப் போன இரண்டு அதிகாரிகள் தப்பினார்கள். அதில் ஒருவர் ஆஸ்திரேலிய வானொலி நிறுவனத்தின் பொது மேலாளராக இருந்த சார்லஸ் மோசஸ். 22-ஆவது பிரிகேட் காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் வழி தேடித் திரிந்தது. பிப்ரவரி 1-ஆம் தேதி வாக்கில் அதில் பெரும்பகுதி சரணடைந்தது.

சுயபுத்தியை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதை உதாரணமாக எழுதலாம் என்று குறித்து வைத்திருந்தேன். அந்த மேட்டைத் தூரத்திலிருந்து பார்த்தபோது அப்படி எழுதுவது அநியாயம் என்று பட்டது. பாலத்தைத் தகர்த்தவன் தன் பின்னால் இருக்கும் ஆயிரம் பேரை நினைத்திருப்பான். தளபதி தன் முன்னால் தொலைந்துபோன ஆட்களை நினைத்துத்தான் போனார். ஒருவரும் புத்தி கெட்டு நடக்கவில்லை. அவரவர் நின்ற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிந்த அளவு பாதை சரியாகத்தான் இருந்தது. முழுப் பாதையையும் பார்க்கிற இடத்தில் மட்டும் எவரும் இல்லை.

நான் இதைச் சொன்னதும் அம்மா கேட்டார், "நம்ம ஆளுங்க கதைய எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

இந்தச் சண்டை பற்றி நான் படித்த அறிக்கைகளில் இல்லை. பாலம் உடைந்த அதே வாரத்தில் சுற்றியிருந்த லயங்களில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் இருந்தார்கள். அடுத்த வருடம் ஜப்பானியர் சயாம் ரயில் போட ஆள் எடுத்தபோதுதான் அவர்கள் கணக்கில் வருகிறார்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி ஏற்றினார்கள். வராதவர்களைப் பிடித்தும் ஏற்றினார்கள். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதை 1943 அக்டோபரில் இணைந்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் செத்துப்போயிருந்தார்கள். என் பாட்டியின் அண்ணன் ஒருவர் போனார். பாட்டி அப்போது சிறுபெண். எட்டு வருடம், சாயந்திரம் விளக்கு வைக்கும்போது அண்ணன் பேரைச் சொல்லிக் கும்பிட்டிருக்கிறார். அண்ணன் வரவேயில்லை.

"அப்போ சாமி பாத்துக்கலையே அம்மா" என்றேன். கடுமையாகக் கேட்கவில்லை. ஆனால் கேட்டேன்.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. ஒரு சரக்கு ரயில் போனது. அது போய் முடிந்த பிறகு, "அது எனக்குத் தெரியாதுய்யா. எங்கம்மாவுக்கும் தெரியல. தெரியாமத்தான் கும்பிட்டாங்க" என்றார்.

நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எல்லாம் நன்மைக்கே என்று ஒரு வாக்கியத்தைப் போட்டு மூடிவிடுகிறார்கள். அம்மா மூடவில்லை. தெரியாது என்பதைத் தெரியாது என்றே வைத்துக்கொண்டு, அதோடேயே இத்தனை வருடம் ஜெபம் பண்ணியிருக்கிறார். எனக்கு அதுவரை அந்த வித்தியாசம் புரிந்திருக்கவில்லை.

தோட்டத்துக்குள் போகும் செம்மண் சடக்கில் காரை ஓரங்கட்டினோம். அம்மா வேலை செய்த காலத்து லயங்கள் இல்லை. வேறு நாட்டுத் தொழிலாளிகளுக்குக் கட்டிய செங்கல் வீடுகள் இருக்கின்றன. காலையில் பேர் எடுக்கும் பெரட்டுக்களம் இருந்த இடத்தில் உரமூட்டை அடுக்கியிருக்கிறது. மாரியம்மன் கோயில் மட்டும் அதே இடத்தில், புதுச் சாயத்தோடு இருக்கிறது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன்பு அவர் தாலி கட்டிக்கொண்டது இந்த வாசலில்தான். கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த பாட்டி ஒருத்தி அம்மாவை உற்றுப் பார்த்து, "தூளு அடிக்கிற கூட்டத்துல இருந்தவதானே நீ?" என்றார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

தூள் அடிக்கிற கூட்டம் என்றால் இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

செம்பனையில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஒரே மரத்தில் இரண்டும் வரும், ஆனால் வேறு வேறு காலத்தில். பெண்பூக்கள் மலர்ந்து சூல்கொள்ளத் தயாராக இருப்பது இரண்டு மூன்று நாள்தான். அந்த நாட்களில் மகரந்தம் சேராவிட்டால் குலை சொத்தையாகப் போகும். செம்பனையின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே யாரும் எதுவும் செய்யாமல் குலை நிறைகிறது. இங்கே, அதுவும் இளம் மரங்களில், நிறையவில்லை. காரணம் காற்று போதவில்லை என்று நினைத்தார்கள். செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் கொண்டுசேர்க்கிறது என்று பாடப்புத்தகங்கள் பல காலமாகச் சொல்லிவந்தன. எனவே காற்றின் வேலையைப் பெண்கள் செய்தார்கள். ஆண்பூவிலிருந்து மகரந்தத்தை உதிர்த்துக் காயவைத்து, முகப்பவுடர் மாவோடு கலந்து, ஊதுகுப்பியில் எடுத்துக்கொண்டு, மரம் மரமாகப் போய், முள்மட்டைகளை விலக்கி, மலர்ந்த பெண்பூ எது என்று பார்த்து ஊதுவது. முடித்த நிரைக்கு இரண்டு மூன்று நாளில் மறுபடி வர வேண்டும். மட்டை முள் குத்தின தழும்பு அம்மாவின் முன்கையில் இன்றும் இருக்கிறது.

"பூ மலந்திருக்கான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றேன்.

"கண்ணால பாக்கறதுக்கு முன்னாடி மூக்குக்குத் தெரியும். சோம்பு வாசன வரும்."

அந்த வாசனைக்குள்ளேதான் விடை இருந்தது. அம்மாவும் அவர் கூட்டத்துப் பெண்களும் ஒவ்வொரு நாளும் அதை முகர்ந்தார்கள். விஞ்ஞானிகளும் முகர்ந்திருப்பார்கள். காற்றை நம்பி மகரந்தம் விடுகிற பூ எதற்காக மணக்க வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

காற்றைச் சந்தேகித்தவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். லெஸ்லி டேவிட்சன் என்ற யூனிலீவர் தோட்ட அதிகாரி. மலாயாவில் வேலை பார்த்துவிட்டுக் கேமரூனுக்குப் போனபோது, அங்கே ஆண்பூக்களில் சின்னஞ்சிறு வண்டுகள் மொய்ப்பதைக் கவனித்தார். இவைதான் வேலையைச் செய்கின்றன போலிருக்கிறது என்று சொன்னபோது நிபுணர்கள் ஏற்கவில்லை. காற்றுதான் என்பது முடிந்துபோன விஷயம். வருடங்கள் ஓடின. எழுபதுகளின் கடைசியில், பாகிஸ்தானைச் சேர்ந்த ரஹ்மான் சையது என்ற பூச்சியியலாளரைக் கேமரூனில் ஆராயவைத்தார்கள். டேவிட்சன் பார்த்தது சரி என்று அவர் நிரூபித்தார். அந்த வண்டு ஆண்பூவில் முட்டையிட்டு, அங்கேயே வளர்கிறது. பெண்பூவும் அதே சோம்பு வாசனையை விட்டு விட்டு வெளியிடுகிறது. வண்டு ஆண்பூ என்று நம்பி அங்கே போகிறது, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை விட்டுவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறது. மற்றப் பயிர்களைக் கடிக்காது என்று சோதித்துப் பார்த்தபின், 1981 பிப்ரவரியில் மலேசியாவில் முதன்முதலாக அதைத் திறந்துவிட்டார்கள். திறந்துவிட்ட இடம் இதே குளுவாங் வட்டாரத்தில் இருக்கும் பாமோல் தோட்டம். நாங்கள் நின்ற இடத்திலிருந்து காரில் கொஞ்ச நேரப் பயணம்.

நான்கு மில்லிமீட்டர்கூட இல்லாத வண்டு. ஓராண்டுக்குள் தீபகற்பம் முழுக்கப் பரவிவிட்டது. குலைகள் நிறைந்தன. தூள் அடிக்கிற வேலை நின்றுபோனது.

வண்டின் கதையை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அந்த வருடம் அம்மாவுக்கு என்ன ஆனது என்பதை இந்தச் சடக்கில் நின்றுதான் முதலில் கேட்டேன். "ஒரு நாளு பெரட்டுல மண்டோர் சொன்னாரு, நாளைலேர்ந்து தூளு இல்லன்னு. அவ்வளவுதான். பூச்சி வந்துருச்சாம். உங்கப்பா அப்ப படுக்கையில. நீ கைக்கொழந்த." மூன்று நாள் வேலையில்லை. பிறகு உதிரிப்பழம் பொறுக்கப் போட்டார்கள். கூலி குறைவு. குனிந்து குனிந்து முதுகு போனது. அப்பா அடுத்த வருடம் இறந்துபோனார்.

வண்டினால் நாட்டுக்கு விளைந்த நன்மையை அம்மாவிடம் எடுத்துச் சொல்லி, பார்த்தீர்களா, கடைசியில் எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது என்று முடிக்க என் நாக்கு எழவில்லை. அவருக்கு அது சரியாக நடக்கவில்லை. நான் வேறு ஒன்று கேட்டேன். அந்த மூன்று நாளும் என்ன செய்தீர்கள்?

"ராத்திரி உக்காந்து யோசிப்பேன். இதுக்குப் போனா இவ்வளவு வரும், அதுக்குப் போனா இவ்வளவு வரும்னு. விடிஞ்சுரும். ஒண்ணும் கூடி வராது. மூணாம் நாளு ராத்திரி சொல்லிட்டேன், ஆண்டவரே, எனக்கு இதுக்கு மேல தெரியல, நீங்க வெச்சுக்கங்கன்னு. அன்னிக்குத்தான் தூங்குனேன்."

"அப்புறம் வேலை கிடைச்சுது."

"கெடைக்காட்டியும் தூங்கியிருப்பேன்" என்றார் அம்மா.

இரவு ஒரு மணிக்கு எண்களை மாற்றிப் பார்க்கும் ஆள் என்ன சொல்ல முடியும்? நான் சும்மா நடந்தேன். கொஞ்சம் களைப்பாக இருக்கிறதே என்று அருகிலிருந்த மரத்தில் கையை ஊன்றப் போனேன். "சாயாதே!" என்று அம்மா சத்தம் போட்டார்.

அடிமரத்தில் மரப்பலகை போல் ஒரு காளான் ஒட்டியிருந்தது. கனோடெர்மா என்று படித்தவர்கள் சொல்லும் நோய். செம்பனைத் தோட்டங்களின் எமன் அது. வேரிலிருந்து ஏறி அடித்தண்டை உள்ளே அழித்துக்கொண்டே போகும். மட்டைகள் பச்சையாக இருக்கும், குலைகூடப் போடும். வெளியே அடையாளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். ஒரு காற்றுக்கு முறிந்து விழும். அதனால்தான் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கண்டிப்பு. மரத்தடியில் விளையாடலாம், குலை பொறுக்கலாம், மட்டை இழுக்கலாம். முதுகைக் கொடுத்துச் சாயக் கூடாது.

'சாய்வது' என்ற வார்த்தை அப்போது எனக்குள் வேறு மாதிரி கேட்டது. வேதத்தில் அம்மா கோடு போட்ட அந்த வசனம், 'உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்', பேசுவதும் சாய்வதைப் பற்றித்தான். புத்தியைத் தூக்கி எறி என்று அங்கே இல்லை. நான் சிறுவனாக அப்படிப் புரிந்துகொண்டேன், நாற்பது வருடம் அந்தப் புரிதலோடு சண்டை போட்டேன். செம்பனையை வெட்டிப்போட யாரும் சொல்லவில்லை. அதை நட்டு, உரம் போட்டு, அதன் குலையில்தான் எங்களை வளர்த்தார் அம்மா. முழுப் பாரத்தையும் அதன்மேல் போடாதே என்பதுதான் சொல். டேவிட்சனும் சையதும் புத்தியை வைத்துத்தான் வண்டைக் கண்டுபிடித்தார்கள். காற்றுதான் என்று உலகம் சாய்ந்திருந்த மரத்தில் அவர்கள் சாயவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவர்கள் பணிவு ஒன்று, என் அம்மாவின் நம்பிக்கை இன்னொன்று. தன் அறிவுக்கு எல்லை உண்டு என்று தெரிந்தவன் அறிவாளி. அந்த எல்லையில் நின்று 'நீங்கள்' என்று கூப்பிட அம்மாவுக்கு ஒருவர் இருந்தார்.

"அப்போ ஆபரேஷன்?" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வரமாட்டேன்னு எப்பய்யா சொன்னேன்? நீ மூணு டாக்டரப் பாத்த, நல்லதுதான். யாரு கைராசி, எந்த வழின்னு பாரு. அது உன் வேல. அதுக்கு அப்புறம் ராத்திரி முழுக்க அத நீயே தூக்கிட்டு ஏன் உக்காந்திருக்க? அது உன் வேல இல்ல."

கோயில் பாட்டி இரண்டு கோப்பை கறுப்புத் தேநீர் கொண்டுவந்தார். இருவரும் செத்துப்போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விடைபெறும்போது பாட்டி, "ஆத்தா இருக்கா, போயிட்டு வா" என்றார். அம்மா, "ஆண்டவரு இருக்காரு" என்றார். இருவரும் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் தலையாட்டினார்கள்.

திரும்பும்போது பட்டணத்தில் கம்பி நிறையக் குருவிகள் இறங்கத் தொடங்கியிருந்தன. சமிக்ஞை விளக்கில் நின்றபோது மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. நாள் குறிக்க வேண்டும், எந்த முறை என்று குடும்பம் முடிவு செய்துவிட்டதா என்று தாதி கேட்டார். தொடை வழியாக என்று இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் சொன்னதையே எடுத்துக்கொள்வோம் என்றேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது. வியாழன் முடியுமா என்றார் தாதி. நான் நாட்காட்டியைத் தேடினேன்.

அம்மா கையை நீட்டிப் போனை வாங்கினார். "வியாழக்கிழம வந்துர்றோம்மா" என்றார்.

பிறகு மடியிலிருந்த கைக்குட்டையைப் பிரித்தார். தோட்டத்தில் எப்போது ஒடித்தார் என்று தெரியவில்லை. ஒரு விரல் நீளத்துக்கு ஆண்பூக் கதிர். அதில் ஒரு வண்டு இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. அதை மெதுவாக ஊதிக் கண்ணாடிக்கு வெளியே அனுப்பிவிட்டு, கதிரை என் மூக்கருகே நீட்டினார்.

"பாரு. சோம்பு."

கார் முழுக்க அந்த வாசனை பரவியது. பச்சை விளக்கு விழுந்தது.